தேர்வுக்கு வேண்டிக்கொள்ளும் சாமியும் அவர் எழுதிய தேர்வும்

ஃபுக்குவோக்காவிலிருந்து தசாய்ஃபு தென்மாங்கு கோயிலுக்குப் போவது சுலபம். ரயில் ஏறுகிற இடத்துக்கே தென்ஜின் என்று சாமி பெயர்தான். கோயிலில் குடியிருக்கும் தென்ஜின், ஒரு காலத்தில் ஜப்பான் அரசவையில் உத்தியோகம் பார்த்த மனிதர்: சுகவாரா நொ மிச்சிசானே, 845இல் பிறந்து 903இல் இதே தசாய்ஃபுவில் இறந்தவர்.

நுழைந்ததும் வெண்கல எருது ஒன்று படுத்திருக்கிறது. தலையைத் தொட்டால் படிப்பு வருமாம். தொட்டுத் தொட்டு அதன் தலை பளபளவென்று ஆகிவிட்டது, சுற்றிலும் பள்ளிச் சீருடையில் பிள்ளைகள். அவர் உடலை ஏற்றிப்போன வண்டியின் எருது வழியில் படுத்துக்கொண்டு நகர மறுத்ததாம், அந்த இடத்திலேயே அடக்கம் செய்து, பிறகு கோயிலும் எழுப்பினார்கள்.

ஏமா என்கிற வேண்டுதல் மரப்பலகைகள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன, எழுதியிருப்பது பெரும்பாலும் கல்லூரிப் பெயர்கள்தான். இவர்கள் வேண்டுகிற சாமியும் அரசுத் தேர்வு எழுதியவர். 870இல் அவருக்கு வந்த கேள்விகள் இரண்டு, ஒன்று குலங்களைப் பற்றி, இன்னொன்று நிலநடுக்கத்தைப் பற்றி. கிடைத்த தரம் 'நடுவில் மேல்', அவ்வளவுதான்! மதிப்பெண் குறைந்ததென்று அழுகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம்.

ஆனால் நான் கும்பிடப் போனது அதற்காக இல்லை. 886இல் அவரைத் தலைநகரிலிருந்து சானுக்கி மாகாணத்துக்கு ஆளுநராக அனுப்பினார்கள். அங்கே பத்துக் கவிதைகள் எழுதினார், ஒவ்வொன்றும் 'குளிர் யாருக்கு முதலில் வருகிறது' என்ற கேள்வியோடு தொடங்கும். ஊரை விட்டு ஓடித் திரும்பி வந்தவனுக்கு, அநாதைக்கு, கூலிக்குப் படகு ஓட்டுகிறவனுக்கு, மீனவனுக்கு, உப்பு விற்கிறவனுக்கு, விறகு வெட்டுகிறவனுக்கு என்று பதில் போகும். பதவியில் உட்கார்ந்துகொண்டு இப்படிக் கணக்கெடுத்தவர் எத்தனை பேர்?

அப்புறம் உதா பேரரசரின் ஆதரவில் மளமளவென்று ஏறி, 899இல் வலது அமைச்சர் ஆனார். படிப்பாளிக் குடும்பத்துக்கு அது ரொம்பப் பெரிய பதவி. அதற்கும் ஒரு படி மேலே இருந்த இடது அமைச்சர் ஃபுஜிவாரா நொ தோக்கிஹிரா. 901இல் பழி சுமத்தி, பதவி என்று பேருக்கு ஒன்றைக் கொடுத்து, இந்தத் தசாய்ஃபுவுக்குத் தள்ளிவிட்டார்கள். கிளம்பும்போது வீட்டு உமே (ஜப்பானியப் பிளம்) மரத்திடம், கீழைக்காற்று வீசினால் மணத்தை அனுப்பு, எஜமான் இல்லை என்று வசந்தத்தை மறந்துவிடாதே என்று பாடினார். அந்த மரம் பறந்தே வந்துவிட்டது என்கிறார்கள். சன்னதிக்கு வலப்பக்கம் வேலிக்குள் நிற்பது அதுதான்.

நடந்து போனால் கன்சேஒன்ஜி என்ற பௌத்தக் கோயில் வரும், அதையும் விட்டுவிடாதீர்கள். வாசலைத் தாண்டாமல் வீட்டோடு கிடந்த நாட்களில் இந்தக் கோயில் மணியோசையை மட்டும் கேட்டதாக எழுதியிருக்கிறார். அந்த மணி இன்னும் இருக்கிறது. அதன் முன்னால் நிற்கும்போது தென்ஜின் சாமி என்று தோன்றவில்லை, பாவம், குளிரில் கிடந்த ஒரு பெரியவர் என்றுதான் தோன்றியது.

அவர் சாமி ஆனது பக்தியால் அல்ல, அவர் ஆவி பழிவாங்குகிறது என்ற பயத்தால். 909இல் தோக்கிஹிரா இளவயதிலேயே போய்விட்டார், 923இல் பட்டத்து இளவரசர். அந்த வருடமே மிச்சிசானேவுக்குப் பழைய பதவியைத் திருப்பிக் கொடுத்தார்கள்! 930இல் அரண்மனையிலேயே இடி விழுந்து ஆட்கள் இறந்தார்கள், சில மாதத்தில் தாய்கோ பேரரசரும் காலமானார். 947இல் கியோட்டோவில் அவருக்கென்று கித்தானோ தென்மாங்கு கோயில் எழுந்தது, 993இல் அரசவையின் ஆக உயர்ந்த பதவியும் தந்தார்கள். கோபம் தணியட்டும் என்று கட்டிய சன்னதியில் இன்றைக்கு அல்ஜீப்ராவுக்கு வேண்டிக்கொள்கிறார்கள்.

இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிய வேண்டும், அதுதான் முறை. நான் எதையும் கேட்கவில்லை, அந்தப் பத்துக் கவிதைகளுக்காக ஒரு கும்பிடு, அவ்வளவே.

முடிந்தால் 25ஆம் தேதி போங்கள். அவர் பிறந்ததும் மறைந்ததும் அந்தத் தேதியில்தான், அன்றைக்கு மட்டும் கோயில் தெருவில் உமேகாஏ மோச்சி என்கிற அரிசி மாவுப் பண்டத்தில் யொமோகி என்ற மூலிகை இலை சேர்த்துப் பச்சை நிறமாகச் சுடுவார்கள். உள்ளே இனிப்புப் பயறு கொதிக்கும், பார்த்துக் கடியுங்கள்.