ஏத்த ஏத்த இறங்குது

"நான் ஏத்த ஏத்த அது இறக்குதுக்கா." எங்க ஜூனியர் வீடியோ எடிட்டர் அன்னிக்கு சொன்ன இந்த வரி இன்னும் என்னை விடல. எடிட் பண்ற டைம்லைன்ல வாய்ஸ் நல்லா கேக்குது, எக்ஸ்போர்ட் பண்ணி ஃபைல ஓட்டினா அமுங்கிப் போகுது, உடனே மாஸ்டர் லிமிட்டருக்கு, அதாவது மொத்த சத்தமும் ஒரு அளவத் தாண்டாம தடுக்குறதுக்கு, முன்னாடி வால்யூம 3 டிபி (டெசிபல்) ஏத்துறான், திரும்ப எக்ஸ்போர்ட், அதே அளவுதான், இன்னும் 3 ஏத்துறான், அப்பவும் அதேதான்.

அவன் சொன்னதுலயே பதில் இருக்குன்னு எனக்கு அப்பவே புரிஞ்சிடுச்சு. ப்ளேயர்லயோ கம்ப்யூட்டர் சவுண்டு செட்டிங்லயோ கோளாறுன்னா, எக்ஸ்போர்ட் ஆன ஃபைல மறுபடி டைம்லைன்ல போட்டு மீட்டர் பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும். இங்க ஃபைலே குறைவா இருந்துச்சு. அதுவும் என்ன ஏத்தினாலும் ஒரே இடத்துல வந்து நிக்குதுன்னா எக்ஸ்போர்ட் செட்டிங்ல நார்மலைஸ் ஆன்ல இருக்கான்னுதான் முதல்ல பாக்கணும், அது மொத்த ஆடியோவையும் அளந்து, குடுத்த டார்கெட்டுக்கு இழுத்துட்டு வந்துடும். போய் எட்டிப் பாத்தேன், முன்னாடி பண்ண டிவி வேலையோட ப்ரீசெட், அதாவது சேவ் பண்ணி வெச்ச செட்டிங், அப்படியே கிடக்கு, டார்கெட் மைனஸ் 23 எல்யுஎஃப்எஸ் (காதுக்கு எவ்வளவு சத்தமா கேக்குதுன்னு அளக்குற அலகு). அது ஐரோப்பிய ஒளிபரப்புக்காக 2010-ல வந்த ஆர்128-ங்கிற பரிந்துரையில சொன்ன அளவு. இந்த வீடியோ வெப்புக்குப் போறது, மைனஸ் 14 கிட்ட மிக்ஸ் பண்ணது. 9 டிபி போனா அமுங்காம என்ன செய்யும்?

ஆனா நான் சொல்லல. "ஏத்துறத நிறுத்து, ஏன் ஏற மாட்டேங்குதுன்னு யோசி"ன்னு மட்டும் சொன்னேன்.

அது தப்புன்னு இப்பவும் எனக்குத் தோணல. லிமிட்டர் இருக்கும்போது ஏத்திக்கிட்டே போனா சத்தமான இடமெல்லாம் நசுங்கும், மெதுவா பேசுற இடம் மேல வரும், நார்மலைஸ் எல்லாத்தையும் சேத்து இறக்கும், கடைசியில அளவு பழைய அளவுதான் ஆனா பேச்சுல இருந்த ஏற்ற இறக்கம் போயிருக்கும். இத அவன் காதால கேட்டு உணரணும்னு நினைச்சேன். அந்த டிக்க எடுத்துடுன்னு சொல்லியிருந்தா டிக் மட்டும்தான் மனசுல நிக்கும்.

சாயங்காலம் அவனே கண்டுபிடிச்சான். முகமெல்லாம் சிரிப்பா வந்து சொன்னான், அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "உங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"ன்னான். தெரியும்னேன். "க்ளையண்ட் எனக்குத்தான்க்கா போன் பண்ணிட்டே இருந்தாரு"ன்னு சொல்லிட்டுப் போய் உக்காந்துட்டான். கோவமா சொல்லல, அதான் கஷ்டமா இருக்கு.

திட்டு வாங்கினது அவன், பாடம் நடத்தினது நான். எனக்கும் யாரும் எதையும் சொல்லிக் குடுக்கல, தட்டுத் தடுமாறித்தான் கத்துக்கிட்டேன், அதனால அதுதான் சரியான வழின்னு நானே முடிவு பண்ணிட்டேனோன்னு சில நேரம் தோணும். இல்ல, அவன் இன்னிக்கு மீட்டர் பாக்குற விதத்த பாத்தா அந்த ஒரு நாள் வீண் போகலன்னும் தோணும்.

இப்போ புதுசா ஒரு பொண்ணு சேந்திருக்கா. அவளுக்கும் அதே வால்யூம் பிரச்சனை வந்தப்போ அவன் எழுந்து போய் நார்மலைஸ ஆஃப் பண்ணிக் குடுத்துட்டான், ஒரு நிமிஷம்கூட ஆகல. அடுத்த வேலையில மோனோவா, அதாவது ரெண்டு சேனலையும் ஒண்ணாக்கி, எக்ஸ்போர்ட் பண்ணதுல வாய்ஸ் கிட்டத்தட்ட காணாமப் போச்சு, லெஃப்ட்டும் ரைட்டும் எதிரெதிர் ஃபேஸ்ல, அதாவது ஒண்ணோட அலை மேல போறப்போ இன்னொண்ணு கீழ போற மாதிரி, ரெக்கார்ட் ஆகியிருந்ததால ஒண்ணு சேந்ததும் ஒண்ண ஒண்ணு அடிச்சிடுச்சு. அவ முதல்ல போய் பாத்தது நார்மலைஸத்தான். நான் நினைச்சது சரியாத்தான் போச்சுன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். ஆனா அவ அவன்கிட்டயே போய் கேட்டா, அவன் ஒரு சேனல ஃபேஸ் திருப்பிக் காட்டி ஏன்னும் விளக்கினான், ஃபைல் நேரத்துக்குப் போயிடுச்சு, யாரும் யாருக்கும் போன் பண்ண வேண்டியிருக்கல.