பூஜ்ய வோல்டேஜில் எழும் முகடு

மீகடத்தியோடு ஒட்டிய கம்பியின் முனைகளில் பூஜ்ய ஆற்றலில் உருவாகும் என்று கோட்பாடு கணித்த குவாண்டம் நிலைதான் மேயோரானா நிலை. அதற்கான முதல் அறிகுறியை 2012-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் குழு வெளியிட்டது. இண்டியம் ஆண்டிமனைடு நானோகம்பியை ஒரு மீகடத்தியோடு ஒட்டிக் காந்தப்புலத்தில் வைத்தபோது, அதன் மின்கடத்துத்திறனில் (கண்டக்டன்ஸ்) பூஜ்ய வோல்டேஜில் ஒரு முகடு எழுந்தது. இன்று அப்படி ஒரு முகடு கிடைப்பது அரிதில்லை. அதை எவ்வளவு நம்பலாம் என்று பார்ப்பதில்தான் மாதங்கள் போகின்றன.

முதலில் வெப்பநிலை. கம்பியைக் குளிர்விக்கும் ஃபிரிட்ஜின் தெர்மாமீட்டர் 20 மில்லிகெல்வின் காட்டினாலும், ஒயர் வழியே இறங்கும் இரைச்சல் எலக்ட்ரான்களைச் சூடாகவே வைத்திருக்கும். அந்த இரைச்சலை வடிகட்டச் செப்புத்தூள் ஃபில்டர், ஆர்சி (மின்தடை-மின்தேக்கி) ஃபில்டர் இரண்டும் வேண்டும். எலக்ட்ரான் 50 மில்லிகெல்வினில் இருந்தாலே முகடு சுமார் 15 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட் அகலமாகிவிடும். லாக்-இன் தூண்டல், அதாவது அளப்பதற்காக நாம் சேர்க்கும் சிறு ஏசி வோல்டேஜ், அதைவிடக் குறைவாக, 5 மைக்ரோவோல்ட் அளவில் இருக்கட்டும். கூட்டினால் முகடு மழுங்கி உயரம் குறையும்.

பலரும் சறுக்கும் இடம் தொடர்மின்தடை, அதாவது கம்பியோடு தொடராக இருக்கும் மற்ற பாகங்களின் மின்தடை. மேயோரானா நிலைக்கு எதிர்பார்க்கும் உயரம் 2e²/h (e எலக்ட்ரானின் மின்னூட்டம், h பிளாங்க் மாறிலி). மின்தடையாகச் சொன்னால் 12.9 கிலோஓம். ஃபில்டர், ஒயர், ஆம்ப்ளிஃபயர் ஆகியவற்றின் மின்தடையைக் கழிக்கும்போது 1 கிலோஓம் கூடுதலாகக் கழித்துவிட்டால் உயரம் 8 சதவீதம் ஏறிவிடும். அதனால் அந்த மதிப்பை ஊகிக்காமல் தனியே அளக்க வேண்டும். லாக்-இன் அதிர்வெண் கூடினால் ஃபில்டரே சிக்னலை விழுங்கும். டிசி முறையில் அளந்த மின்னோட்டம்-வோல்டேஜ் வளைகோட்டின் சரிவோடு ஒப்பிட்டால் அது தெரிந்துவிடும்.

பிறகு சோதனைகள். இந்தக் கம்பியில் எலக்ட்ரானின் ஸ்பின் காந்தப்புலத்துக்கு எவ்வளவு வலுவாக எதிர்வினை தருகிறது என்று சொல்லும் ஜி-காரணி 50 அளவில் இருப்பதால் சில நூறு மில்லிடெஸ்லா புலமே போதும். புலத்தைக் கம்பியின் நீளத் திசையிலிருந்து ஸ்பின்-ஆர்பிட் திசைக்கு (எலக்ட்ரானின் ஸ்பின்னை அதன் ஓட்டத்தோடு பிணைக்கும் விளைவின் திசைக்கு) திருப்பினால் முகடு மறைய வேண்டும். ஒவ்வொரு கேட்டின் (கம்பியைக் கட்டுப்படுத்தும் மின்முனையின்) வோல்டேஜையும் நகர்த்திப் பாருங்கள், முன்னும் பின்னுமாக இருமுறை. நடுவே மின்னூட்டம் தாவினால் அப்போது அகப்படும். இவையெல்லாம் தேறினாலும் சாதாரண ஆண்ட்ரீவ் நிலையும் (மீகடத்தியின் அருகே சிக்கிய, மேயோரானா அல்லாத எலக்ட்ரான் நிலை) மாசுகளும் இதே முகட்டைத் தந்துவிடும் என்பதுதான் கசப்பான உண்மை. ஆகவே இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் அளந்து, மீகடத்தியால் கம்பியில் உருவாகும் ஆற்றல் இடைவெளி, புலத்தைக் கூட்டும்போது மூடித் திறப்பதையும் பார்க்க வேண்டும்.

உயரம் 2e²/h-இல் தட்டையாக நிற்கிறது என்று 2018-இல் நேச்சர் ஆய்விதழில் வந்த கட்டுரை 2021-இல் திரும்பப் பெறப்பட்டது. முன்பு வெளியிடாத பகுதிகளையும் சேர்த்து வரைந்தபோது அந்தக் கூற்று நிற்கவில்லை. எந்தப் பகுதியை ஏன் வெட்டினோம், எங்கே திருத்தினோம் என்று எழுதி, மூலத் தரவு முழுவதையும் கட்டுரையோடு வெளியிடுவதை இந்தத் துறை கட்டாயமாக்க வேண்டும்.