மாட்டுக்கு யார் புல் போடுவா?

இந்தோனேசியாவில், யோக்யகர்த்தா நகருக்கு வடக்கே நிற்கும் மெராபி எரிமலையின் சரிவு ஊர்களில், பேரிடர் ஒத்திகை நடத்தும் குழுவில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். போன புதிதில் என் கவனமெல்லாம் சைரன் மேல்தான். சத்தம் எந்த வீடு வரைக்கும் கேட்கிறது என்று ஒரு வீடு விடாமல் குறித்துக்கொண்டு வருவேன்.

கொட்டகையில் புல் நறுக்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடமும் அதையே கேட்டேன். "நல்லாவே கேட்கும்" என்றார், அரிவாளை நிறுத்தாமல். "சரி, நான் இறங்கிப் போயிடுறேன். இதுங்களுக்கு யார் புல் போடுவா?" அவருக்குப் பின்னால் இரண்டு கறவை மாடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன.

அன்றைக்கு நான் மேற்கொண்டு எந்த வீட்டுக்கும் போகவில்லை.

2010 அக்டோபர் 25 அன்று 'அவாஸ்' என்ற உச்ச எச்சரிக்கையை விடுத்தார்கள். மறுநாள் மாலையே மலை வெடித்தது. நவம்பர் 5 அதிகாலையில் அதைவிடப் பெரிய வெடிப்பு. அபாய எல்லையை 20 கிலோமீட்டருக்குத் தள்ளினார்கள். விஞ்ஞானிகளின் கணிப்பு தப்பவில்லை. ஆனாலும் 350 பேருக்கு மேல் இறந்தார்கள். முகாமுக்கு வந்தவர்களில் பலர் மாட்டைப் பார்க்க மறுபடி மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். சரிவில் உருண்டு வரும் கொதிக்கும் சாம்பல் மேகத்தை அந்த ஊர்க்காரர்கள் 'சடைபிடித்த ஆடு' என்பார்கள். அது வந்தால் ஓடித் தப்ப முடியாது என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரிந்துதான் போனார்கள். பால்தான் சோறு. இதை அறியாமை என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

எச்சரிக்கையில் அவர்களுக்கு அக்கறை இல்லை என்றும் சொல்ல முடியாது. வாக்கி டாக்கியில் மலை நிலவரத்தை இராப்பகலாகக் கேட்கிறார்கள். குடைந்த மரத்தில் செய்த 'கெந்தோங்கன்' இன்னமும் ஊரில் தொங்குகிறது. விடாமல் படபடவென்று அடித்தால் ஆபத்து என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அப்புறம் மலைக்கு மேற்கே மகேலாங் பக்கம், ஆபத்து வந்தால் போய்த் தங்க, மேலூருக்குக் கீழூர் ஒன்றைச் சகோதர ஊராகச் சேர்த்துவைத்தார்கள். 2020 நவம்பரில் எச்சரிக்கை உயர்ந்தபோது முதியவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகளை முன்கூட்டியே கீழே இறக்கினார்கள். சில ஊர்களில் மாடுகளையும் இறக்கினார்கள்.

எங்கள் ஒத்திகையிலும் மாட்டைச் சேர்த்தோம். கொட்டகைக்கு இடம் சீக்கிரமே கிடைத்தது. ஆனால் ஒரு கறவை மாட்டுக்கு நாளைக்கு முப்பது, நாற்பது கிலோ பச்சைப்புல் வேண்டும். அதை யார் அறுப்பது, எந்த வண்டியில் ஏற்றுவது என்று பேசி முடிக்க மூன்று கூட்டம் ஆயிற்று. மூன்றுக்கும் அந்தப் பாட்டி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.