கரண்ட் வச்ச வாயில் பல் கட்டப் போன கதை

20 வருஷம் வாயில் பாக்கு. வாய் இறுக ஆரம்பிச்சப்பவே பல் டாக்டர் "இது எஸ்எம்எஃப், பாக்கால வாய்த் தோல் இறுகுற வியாதி. பாக்கை விடுங்க, புத்துநோய்ல கொண்டுபோய் விட்டுரும்"னு சொன்னார். விடலை. 2022-ல் வலது கன்னத்தில் புத்துநோய் வந்தது. மதுரையில் ஆபரேஷன், ஆட்டங்கண்ட பல்லெல்லாம் எடுத்துட்டு 30 சிட்டிங் கரண்ட், அதாவது கதிர்வீச்சு. அதெல்லாம் நல்லபடியா முடிஞ்சது.

இந்த வருஷம் வலது கீழ்க் கடைவாயில் மிச்சமிருந்த ஒரே பல்லும் உடைஞ்சது. பிடுங்கிட்டு செட் கட்டிக்கலாம்னு காரைக்குடியில் க்ளினிக் போனேன். ஊசி எடுத்த டாக்டரம்மா என் கழுத்துத் தழும்பைப் பார்த்ததும் கீழே வச்சுட்டாங்க. "கரண்ட் எந்தப் பக்கம், எத்தனை கிரே?" கிரேங்கிறது கரண்டோட அளவு. கரண்ட் வச்ச பக்கம்னா, பிடுங்கின குழி ஆறாம தாடையெலும்பே செத்துப்போகலாமாம். வருஷம் எத்தனை ஆனாலும் அந்தப் பயம் உண்டாம். என் ஃபைல் தலைகாணி கனம். மருந்துக்கடை பில்கூட இருக்கு, கிரே கணக்கு இல்லை.

மதுரைக்கு முதல் பஸ். மெஷின் ரூம்ல "ரெக்கார்ட் ரூம் போங்க". அங்கே "டாக்டர் கையெழுத்து வேணும்ணே, வியாழக்கிழமை வாங்க". வியாழக்கிழமை ஆதார் ஜெராக்ஸ் இல்லை. எடுத்துட்டு ஓடி வந்தா சாப்பாட்டு நேரம், டாக்டரும் கிளம்பியாச்சு. மூணாவது நடையில்தான் கிடைச்சது. ஒரே ஒரு தாள்! 60 கிரே, அதே வலது பக்கம். கரண்ட் முடியிற அன்னைக்கே கேட்டு வாங்கிடுங்க, நாலு ஜெராக்ஸ் போட்டு வச்சுக்குங்க. எனக்கு யாரும் சொல்லலை.

தாளைப் பார்த்துட்டு டாக்டரம்மா பிடுங்கவே இல்லை. வேர் சிகிச்சை பண்ணி, உடைசலை ஈறு மட்டத்துக்குச் சீவி, வேரை உள்ளேயே விட்டுட்டாங்க. அதுக்கு மேலே செட்.

அளவெடுக்க வாய் திறக்கணுமே? 18 மில்லிமீட்டர்தான் திறந்தது. ஐஸ் குச்சியை அடுக்கிப் பல்லுக்கு நடுவே சொருகிப் பழகச் சொன்னாங்க. ஸ்டேஷனரி கடைப் பையன் "பிள்ளைக்குப் புராஜெக்டாண்ணே?"ன்னான். ஆமான்னுட்டேன். 9 குச்சி 13 ஆக மூணு மாசம். அப்பவும் அளவுத் தட்டை ரெண்டா வெட்டித்தான் உள்ளே விட்டாங்க.

கரண்ட் வச்சதுல எச்சில் ஊறாததால் செட் உராய்ஞ்சு ரெண்டு தடவை புண். ராத்திரி கழட்டிடணும், பக்கத்துல தண்ணி பாட்டில் இல்லாம வெளியே கிளம்பக் கூடாது.

செட் மாட்டி முதல்ல தின்னது வெள்ளைப் பணியாரம், துவையல் தொடாம. காரம் பட்டா இன்னும் எரியுது. சீப்புச் சீடை டப்பாவை வீட்டம்மா என் கண்ணில் படாம எங்கேயோ வச்சிருக்கா.