சனிக்கிழமை இரவு ஆட்டம்: 2021 நாட்குறிப்பு

செப்டம்பர் 25, சனி

பிபிசியின் ஜோடி நடனப் போட்டியான ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங் இங்கே பிரிட்டனில் இன்று நேரலையில் தொடங்கிவிட்டது. இனி கிறிஸ்துமஸ் வரைக்கும் சனிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் சமையல் சீக்கிரம் முடிந்துவிடும். இந்த வருஷம் பார்த்ததை அவ்வப்போது எழுதி வைக்கலாம் என்று இருக்கிறேன்.

பதினைந்து ஜோடிகள். ஒரு பிரபலம், அவரோடு தொழிலாகவே ஆடும் ஒரு கலைஞர். நடுவர் மேசைக்குப் பின்னால் க்ரெய்க், மோட்சி, ஷர்லி. பழைய நடுவர் புரூனோவின் நாற்காலியில் ஆன்டன் டு பெக். இத்தனை வருஷம் தரையில் ஆடிக்கொண்டிருந்தவர் இன்று மார்க் போட உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

முதல் நாள் முதலிடம் ஏ.ஜே. ஒடுடுவுக்கும் கை விட்ரிங்டனுக்கும். நாற்பதுக்கு 34 மார்க். அந்தக் கால்களின் நீளமும் வேகமும் யாருக்கும் பிடிக்கும். ஆனால் என் கண்ணுக்கு இருவரும் பக்கத்துப் பக்கத்தில் ஆடினார்கள், சேர்ந்து ஆடவில்லை. முதல் வாரம்தானே, போகப் போகச் சேருவார்கள்.

ஜான் வெய்ட்டும் யோஹானஸ் ராடெபேயும் டாங்கோ ஆடினார்கள். இந்த நிகழ்ச்சியில் இரண்டு ஆண்கள் ஜோடியாவது இதுதான் முதல் தடவை. போன வருஷம் குத்துச்சண்டை வீராங்கனை நிக்கோலா ஆடம்ஸும் கட்யா ஜோன்ஸும் இரண்டு பெண்கள் ஜோடியாக வந்தார்கள். கட்யாவுக்குக் கொரோனா என்று தெரிந்ததும் பாதியில் விலக வேண்டியதாயிற்று. அந்த மனக்குறை இன்று தீர்ந்தது.

ரோஸ் ஐலிங் எல்லிஸைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், கடைசியில் வருகிறார். ஈஸ்ட்எண்டர்ஸ் தொடரில் நடிப்பவர். பிறவியிலேயே காது கேளாதவர். அவருக்கு முதல் நடனமே ஜைவ். அத்தனை வேகமான ஆட்டத்தை எடுத்த எடுப்பில் கொடுத்துவிட்டார்களே என்று எனக்குப் பதற்றம். ஜியோவானி பெர்னிச்சேதான் ஜோடி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் சின்ன அத்தை ஞாபகம் வந்துவிட்டது.

அக்டோபர் 9, சனி

சினிமா வாரம். ஜானும் யோஹானஸும் கடற்கொள்ளையர் வேஷத்தில் பாசோ டோப்லே. இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஜோடி நடனத்தில் ஆண் நடத்துவார், பெண் பின்தொடர்வார் என்பது காலங்காலமாக இருக்கும் ஏற்பாடு. பாசோவில் அது இன்னும் அழுத்தமாக இருக்கும்: ஆண் காளைச் சண்டை வீரன், பெண் அவன் கையிலிருக்கும் துணி. இங்கே இருவருமே வீரர்கள். யார் நடத்துகிறார் என்று கவனித்துப் பார்த்தேன். நான்கு அடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருந்தது, மாறும் இடம் கண்ணில் படவே இல்லை. ஜான் 2012-இல் கேக் சுடும் போட்டியில் ஜெயித்தவர், நடனக்காரர் இல்லை. யோஹானஸ் தன் எடையை அவர் மேல் தைரியமாகச் சாய்க்கிறார் என்றால், இவர் தாங்குவார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நீச்சல் வீரர் ஆடம் பீட்டியைப் பற்றி எங்கள் வீட்டில் சின்னச் சண்டை. டோக்கியோ ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கிய கையோடு வந்திருக்கிறார். அந்த உடம்புக்கு இப்படி ஆடுவதே பெரிது என்கிறார் என் கணவர். தண்ணீரைத் தள்ளிப் பழகிய தோள் அது, நடனத்தில் இறங்க மறுக்கிறது என்பது என் கட்சி. அந்தத் தோள் இறங்கிவிட்டால், இந்த வருஷம் அவருக்கு ஜோடியான கட்யா சொல்வது அவருக்கு இன்னும் சீக்கிரம் போய்ச் சேரும்.

அக்டோபர் 31, ஞாயிறு

இன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்தாயிற்று. அம்மாவுக்கும் எனக்கும் இனி ஐந்தரை மணி நேர வித்தியாசம். நேற்று ராத்திரி நடந்ததை உடனே சொல்ல ஆளில்லாமல் தவித்துவிட்டு, காலையில் எழுந்ததும் கும்பகோணத்துக்குப் போன் போட்டேன்.

ஹாலோவீன் வாரத்தில் ரோஸும் ஜியோவானியும் டாங்கோ ஆடி நாற்பதுக்கு நாற்பது வாங்கிவிட்டார்கள்! ஆறாவது வாரம்தான் ஆகிறது. இந்த நிகழ்ச்சி தொடங்கிய 2004-இலிருந்து இவ்வளவு சீக்கிரம் யாருமே முழு மார்க் வாங்கியதில்லை. க்ரெய்க் பத்து போடும் ஆளா? நேற்று போட்டார்.

நான் ஆறு வருஷம் பரதநாட்டியம் கற்றுக்கொண்டவள். டாங்கோவின் முழங்கால் மடிப்பு எனக்கு அரைமண்டியைத்தான் ஞாபகப்படுத்தும். உட்கார்ந்த நிலையிலிருந்து எழும்பவே கூடாது; எழும்பினால் ஆட்டம் உதிர்ந்துவிடும். ரோஸ் எழும்பவில்லை. தலையை வெட்டித் திருப்பும் இடமெல்லாம் குரு தாளம் போடும் தட்டுக்கழி பலகையில் விழுந்த மாதிரி இருந்தது.

காது கேளாமல் எப்படி இது முடிகிறது என்று என் மகள் கேட்டாள். காதில் கருவி போட்டிருக்கிறார், தாளம் ஓரளவு எட்டும், பாட்டின் வார்த்தை பிடிபடாது என்று ரோஸே சொல்லியிருக்கிறார். மீதியை எண்ணிக்கையும் ஜியோவானியின் உடம்பும் சொல்கின்றன. அவர் மூச்சை இழுக்கும்போது மார்பு விரிகிறது பாருங்கள், ரோஸின் கால் அப்போதே கிளம்பிவிடுகிறது.

சின்ன அத்தை கதையை மகளுக்கு அப்போதுதான் முதல்முறையாகச் சொன்னேன். அப்பாவின் கடைசித் தங்கை. நான்கு வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. கன்னிப் பொங்கலன்று ஊரில் கும்மி அடிக்கும்போது அத்தையைச் சேர்க்க மாட்டார்கள். "உனக்குத்தான் பாட்டே காதுல விழாதே, நீ கூடையப் பாத்துக்க" என்று ஓரமாக நிறுத்திவிடுவார்கள். எனக்கு ஒன்பது வயது இருக்கும். ஒரு வருஷம் அத்தை கூடையைக் கீழே வைத்துவிட்டுத் தானாகவே வட்டத்துக்குள் போய்விட்டார். நான் எதிர்ப் பக்கம் இருந்தேன். எல்லாரும் கையைப் பார்த்துத் தட்டினார்கள். அத்தையின் கண் மட்டும் எதிரில் இருந்த பெண்ணின் முழங்கையில் இருந்தது. கை தட்ட வரும் முன்னால் முழங்கை ஒரு நூல் அளவு பின்னால் போகுமே, அதைப் பிடித்துக்கொண்டார். ஒரு தட்டுகூடப் பிந்தவில்லை.

அன்றைக்கும் யாரும் அவரைப் பாராட்டவில்லை. அடுத்த வருஷம் மறுபடியும் கூடையோடுதான் நின்றார். அது இன்றும் எனக்கு ஆறவில்லை.

டிவி தொகுப்பாளர் டான் வாக்கர் சிங்கி இறால் வேஷத்தில் ஜைவ் ஆடினார். ஆறரை அடி மனிதர். என் கணவருக்கு அவர்தான் ஹீரோ.

நவம்பர் 14, ஞாயிறு

தீபாவளி முடிந்து பத்து நாளாகிறது. டெல்டா பக்கம் மழை விடவில்லை, வயலில் தண்ணீர் நிற்கிறது என்று அம்மா கவலையாகப் பேசினார். அதற்கு நடுவில் நடனத்தைப் பற்றிப் பேசக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் பேசாமல் இருக்க முடியவில்லை.

நேற்று ரோஸும் ஜியோவானியும் ஆடியது வால்ட்ஸ், ரும்பா என்று எந்த வகைக்கும் கட்டுப்படாத, ஜோடியே தேர்ந்தெடுக்கும் நடனம். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பாட்டு உச்சத்துக்கு ஏறும் இடத்தில் இசை சட்டென்று நின்றுவிட்டது. டிவிதான் கெட்டுவிட்டது என்று ரிமோட்டைத் தேடினேன். அவர்கள் இருவரும் நிற்கவில்லை. சத்தமே இல்லாத அரங்கில் அதே தாளத்தில், அதே வேகத்தில் ஆடிக்கொண்டே இருந்தார்கள். பத்து நொடி இருக்கும். இசை திரும்பி வந்தபோது அவர்களின் அடி அதன் மேல் சரியாக உட்கார்ந்தது.

காது கேளாத மக்களுக்காக இந்த இடம் என்று ரோஸ் சொன்னார். அரங்கமே எழுந்து நின்றது. நானும் எழுந்து நின்றேன், சோபாவுக்கு முன்னால், கையில் ரிமோட்டோடு.

பிறகு யோசித்தபோது ஒன்று உறைத்தது. அந்தப் பத்து நொடியில் ஜியோவானிக்கும் இசை இல்லை. இத்தனை வாரம் அவர் உடம்பைப் பார்த்து ரோஸ் ஆடினார். அந்த இடத்தில் இரண்டு பேருக்கும் ஒரே நிலைமை. யார் யாரைப் பார்த்து ஆடினார்கள் என்று பிரிக்கவே முடியவில்லை. ஜோடி நடனம் என்றால் எனக்கு இதுதான். காலழகு, உடை, விளக்கு எல்லாம் அப்புறம்.

அந்த வீடியோத் துண்டை அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி, அத்தை வரும்போது காட்டச் சொல்லியிருக்கிறேன். மழை விட்டதும் வருவார்.

நவம்பர் 21, ஞாயிறு

வழக்கமாக இந்த நேரத்தில் எல்லாரும் பிளாக்பூல் டவர் பால்ரூமுக்குப் போவார்கள். கொரோனாவால் இந்த வருஷமும் இல்லை. அந்த மரத்தரையில் ஏ.ஜே. ஓடுவதைப் பார்க்க ஆசைப்பட்டிருந்தேன். அவரும் கை விட்ரிங்டனும் இப்போது நன்றாகச் சேர்ந்துவிட்டார்கள். செப்டம்பரில் நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

டிசம்பர் 5, ஞாயிறு

டான் வாக்கரும் நாடியாவும் வெளியேறினார்கள். கணவர் முகம் வாடிவிட்டது.

நான் நியாயமாகவே சொல்கிறேன். டான் போன வாரங்களிலேயே போயிருக்க வேண்டியவர் என்று பலர் கோபப்படுகிறார்கள். நடுவர் மார்க்கோடு மக்கள் ஓட்டும் சேருகிறது. கீழே வரும் இரண்டு ஜோடிகள் மறுபடி ஆடி, யாரைக் காப்பாற்றுவது என்று நடுவர்கள் முடிவு செய்கிறார்கள். அந்தக் கணக்கில் அவர் நேர்மையாகத்தான் நின்றார். நாடியா கொடுக்கும் சைகை அவருக்கு அரை நொடி தாமதமாகத்தான் எட்டியது, உண்மை. ஆனால் ஒவ்வொரு வாரமும் அந்த அரை நொடி குறைந்துகொண்டே வந்தது. நாற்பது வயதுக்கு மேல் அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அதைச் செய்தவரை எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை.

டிசம்பர் 12, ஞாயிறு

அரையிறுதியில் ரைஸ் ஸ்டீவன்சனும் நான்சி ஷூவும் போய்விட்டார்கள். துள்ளலுக்கு ரைஸை மிஞ்ச ஆளில்லை. அமைதியான நடனத்தில்தான் அவர் கால் பொறுமை இழந்துவிடும். மீதி மூன்று ஜோடிகள்.

டிசம்பர் 17, வெள்ளி

ஏ.ஜே. விலகிவிட்டார். வலது கணுக்காலில் தசைநார் கிழிந்துவிட்டதாம். இறுதிப் போட்டிக்கு முதல் நாள்! மூன்று மாத உழைப்பு. படித்ததும் வயிற்றில் ஏதோ செய்தது. அரங்கேற்றத்துக்கு முந்தின வாரம் கால் பிசகி உட்கார்ந்த ஒரு தோழியை எனக்குத் தெரியும். அவள் அந்தச் சலங்கையைப் பல வருஷம் தொடவே இல்லை. ஏ.ஜே.க்குச் சீக்கிரம் சரியாக வேண்டும்.

டிசம்பர் 18, சனி, நள்ளிரவு

ரோஸ், ஜியோவானி!

இரண்டே ஜோடிகள், மூன்று மூன்று நடனங்கள். இரு ஜோடிக்கும் 120-க்கு 119. நடுவர்களால் பிரிக்க முடியவில்லை, பிரிக்கவும் வேண்டியதில்லை: இறுதியில் மக்கள் ஓட்டு மட்டும்தான் கணக்கு. ஜானும் யோஹானஸும் அந்தப் பாசோவை மறுபடி ஆடி நாற்பது வாங்கினார்கள். அக்டோபரில் இருந்ததைவிட இன்னும் திடமாக இருந்தது. வேறொரு வருஷமாக இருந்தால் கோப்பை அவர்களுடையதுதான்; அவர்கள் தோற்றதில் எனக்கு வருத்தமும் இருக்கிறது.

ரோஸும் ஜியோவானியும் அந்த மௌன நடனத்தைத் திரும்ப ஆடினார்கள். இசை நிற்கும் என்று இந்த முறை தெரியும். தெரிந்தும் தொண்டை அடைத்தது. இந்த நிகழ்ச்சியில் ஜெயிக்கும் முதல் காது கேளாதவர் ரோஸ். ஜியோவானி இதற்கு முன் 2015, 2017, 2018 என்று மூன்று முறை இறுதி வரை வந்து தோற்றவர். கோப்பையைத் தூக்கும்போது அவர் ரோஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 19, ஞாயிறு

மார்கழிக் கோலம் போட்டு முடித்துவிட்டு அம்மாவே கூப்பிட்டார். அத்தை நேற்றே வந்துவிட்டாராம். போனை அத்தை பக்கம் திருப்பினார். முடி முழுக்க நரைத்துவிட்டது. நான் அனுப்பிய துண்டை நான்கு தடவை போடச் சொல்லிப் பார்த்தாராம்.

இசை நிற்கும் இடம் அத்தைக்குத் தெரிந்ததா என்று சைகையில் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். அவருக்கு முதலிலிருந்து கடைசி வரை எல்லாம் ஒரே நடனம்தான். அதை நான் ஏன் யோசிக்காமல் போனேன்!

அப்புறம் அத்தை வலது கையை மடக்கி, முழங்கையைத் திரைக்கு நேராகக் காட்டி, இடது கை விரலால் அதை இரண்டு முறை தட்டினார். நாற்பது வருஷத்துக்கு முன்னால் அந்தக் கும்மியை நான் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது.