பர்லியாறு மங்குஸ்தானும் குன்னூர் பிளம்ஸும்: கொம்புச்சாவுக்கு வாசனை தேடி

குன்னூருக்குப் போகிறவர்கள் பலரும் மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறுவார்கள். 1899-ல் திறந்த அந்தத் தடத்தில் போவது அருமையான அனுபவம்தான். ஆனால் இந்த முறை எனக்கு வேண்டியது சாலையோரப் பழக்கடைகள். அதனால் பேருந்தில் ஏறினேன். கல்லாறு தாண்டி வளைவுகள் தொடங்கியதும் பாக்குத் தோப்புகள், அப்புறம் பர்லியாறு. ஜூன் மாத மழைத் தூறலில் மங்குஸ்தான் குவித்து வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே பலா, ஜாதிக்காய், கிராம்பு. கல்லாறிலும் பர்லியாறிலும் அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகள் இருக்கின்றன. ஈரமும் வெப்பமும் கேட்கும் இந்த மரங்களுக்கு மலையின் இந்தப் பகுதிதான் இடம். இன்னும் மேலே ஏறினால் இவை எல்லாம் மறைந்து பிளம்ஸ், பீச், பேரி என்று குளிர்நாட்டுப் பழங்கள் வந்துவிடும். சில மணி நேரப் பயணத்தில் இரண்டு வேறு நாடுகளின் பழச்சந்தையைப் பார்த்துவிடலாம்.

சர்க்கரை போட்ட தேநீரைப் புளிக்கவைத்துச் செய்யும் பானம்தான் கொம்புச்சா. அதை வீட்டில் போடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல சாலை கிடையாது என்பேன்.

குன்னூரில் தங்கியது ஒரு சிறு தேயிலை விவசாயியின் வீட்டில். அந்த அக்கா சமையலறை அலமாரியில் பெரிய கண்ணாடி ஜாடி வைத்திருந்தார். மேலே துணி கட்டி, உள்ளே தேநீரின் மேல் வெள்ளை ஆடை மிதந்தது. ஸ்கோபி என்கிற அந்த ஆடை, பாக்டீரியா நெய்யும் செல்லுலோஸ். ஈஸ்ட் சர்க்கரையை உடைத்து ஆல்கஹாலாக்கும், பாக்டீரியா அந்த ஆல்கஹாலை அமிலமாக்கும். இருவரும் சேர்ந்தால்தான் கொம்புச்சா.

ஒரு லிட்டருக்கு ஆறேழு கிராம் தேயிலை, 70 கிராம் சர்க்கரை, பழைய கொம்புச்சா 100 மில்லி. கணக்கு இவ்வளவுதான். தேயிலையில்தான் அக்கா கறார். தேநீருக்குப் போடும் டஸ்ட் தூள் கூடாது, முழு இலையாக வரும் ஆர்த்தடாக்ஸ் தேயிலைதான் வேண்டும் என்பார். குடித்துப் பார்த்ததும் எனக்கும் அது சரி என்றே பட்டது. நீலகிரி இலைக்கு மெல்லிய பூ வாசனை உண்டு. தூளில் துவர்ப்பு முந்திக்கொண்டு அதை அமுக்கிவிடும். எர்ல் கிரே போல எண்ணெய் சேர்த்த தேயிலையையும் முதல் புளிப்பில் போடுவதில்லை. அந்த எண்ணெய் ஆடையைக் கெடுக்கலாம்.

பழம் சேர்ப்பது இரண்டாம் கட்டத்தில். ஆடையை எடுத்து அடுத்த தடவைக்கு வைத்துவிட்டு, புளித்த தேநீரை மட்டும் அழுத்தம் தாங்கும் பாட்டிலில் ஊற்றி, பழத்தோடு மூடிவிட வேண்டும். பழச் சர்க்கரையை ஈஸ்ட் தின்று வாயுவை விடும். நுரை அப்படித்தான் வருகிறது. நான் பேஷன் ஃப்ரூட்டை எடுத்தபோது அக்கா தடுத்தார்.

"தம்பி, புளிப்பு ஏற்கெனவே இருக்கு. இனிமேல் வேண்டியது வாசனை."

இந்த ஒரு வரி என் கைப்பழக்கத்தையே மாற்றிவிட்டது. எலுமிச்சை, அன்னாசி என்று புளிப்பின் மேல் புளிப்பை ஏற்றுவதுதான் இணையத்தில் பார்க்கும் பெரும்பாலான செய்முறை. கொம்புச்சாவுக்கு இல்லாதது எதுவோ அதைத்தான் கொடுக்க வேண்டும்.

பிளம்ஸில் தொடங்கினோம். தோலோடு நறுக்கி, பாட்டிலில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு. நிறம் பெரும்பாலும் தோலில்தான் இருக்கிறது; அமிலம் பட்டதும் அது இன்னும் சிவக்கும். மறுநாளே பாட்டில் ரோஜா நிறமாகியிருந்தது. கூடவே ஒரு சிறு ரோஸ்மேரிக் கிளை. நீலகிரியில் ரோஸ்மேரியும் தைமும் விளைவிப்பவர்கள் உண்டு. ஒரு நாளுக்கு மேல் கிளையை விடக்கூடாது, கஷாய வாசம் வந்துவிடும்.

மங்குஸ்தான் வேறு ரகம். அதன் மணம் கூச்ச சுபாவமுள்ளது. காய்ச்சினால் ஓடிவிடும், அதிக நாள் ஊறினாலும் ஓடிவிடும். வெள்ளைச் சுளையை மட்டும் கையால் நசுக்கிப் போட வேண்டும். ஓட்டின் ஒரு துண்டு விழுந்தாலும் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும். கூடவே ஜாதிபத்திரி, நகக்கண் அளவு. நான் குடித்த கொம்புச்சாக்களிலேயே இதுதான் உச்சம். தயக்கமில்லாமல் சொல்கிறேன்.

இஞ்சி எல்லோரும் போடுவதுதான். நுரை நன்றாக வரும், வேறு சொல்ல எதுவுமில்லை.

குன்னூர் 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஜூனில் பகலே இதமான குளிர்தான். அங்கே இரண்டாம் கட்டம் நான்கைந்து நாள் வரை இழுக்கும், வாசனையும் நிதானமாக இறங்கும். சமவெளியில் அதே பாட்டில் ஒன்றிரண்டு நாளில் தயார். அதற்கு மேல் வெளியே வைத்தால் வெடிக்கவும் கூடும், கண்ணாடித் துண்டு விளையாட்டில்லை. அக்காவின் வழி எளிது: ஒவ்வொரு முறையும் ஒரு பங்கை பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் ஊற்றி வைப்பார். அது அழுத்தினால் அமுங்காமல் கல்லாகிவிட்டால் எல்லா பாட்டிலும் உடனே ஃப்ரிட்ஜுக்குள். வீட்டு கொம்புச்சாவில் கொஞ்சம் ஆல்கஹால் இருக்கும் என்பதால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அவர் கொடுப்பதில்லை.

கிளம்பும்போது ஆடையில் ஒரு அடுக்கைப் பிரித்து, புளித்த தேநீரோடு ஜாடியில் போட்டுக் கொடுத்தார். பயணத்தில் மூடியை இறுக்காமல் துணி கட்டி வைத்திருந்தேன். மேட்டுப்பாளையம் இறங்கியதும் வெயில். கோவை வீட்டில் பிளம்ஸுக்கு எங்கே போவது? கடைத்தெருவில் பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்தார்கள். புளிப்பே கிடையாது, மணமோ தெருமுனை வரை. அரைக் கிலோ வாங்கிக்கொண்டேன்.