திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கைகள்

கோவிட் பரவியபோது உலகம் முழுக்க 85,000-க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்கள், அதாவது கிட்டத்தட்ட 90 சதவீதம், மூடப்பட்டதாக 2020 மே மாதம் யுனெஸ்கோ சொன்னது. ஓவியக்கூடம் என்றால் படங்களை இணையத்தில் ஏற்றிவிட்டு ஓரளவு சமாளிக்கலாம். அறிவியல் அருங்காட்சியகக் கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற எங்களுக்கு அது சரிப்படாது. 1969-இல் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் சான் ஃபிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற அறிவியல் அருங்காட்சியகத்தைத் தொடங்கியதே, வருகிறவர்கள் எதையும் தொட்டு, திருப்பி, இழுத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். அந்தக் கைகளே இல்லாமல் இணைய வகுப்பில் என்ன பாடம்?

முதலில் எல்லாருக்கும் தோன்றுவது, கூடத்தில் கைதட்டல் வாங்கிய திரவ நைட்ரஜனை அப்படியே கேமரா முன் கொண்டுவந்து ஊற்றுவது. மைனஸ் 196 டிகிரி என்று வாயால் சொல்லலாம்தான், ஆனால் திரையில் அது இன்னொரு வீடியோ, அவ்வளவே. ஒரு டம்ளரும் நாணயமும் அதைவிட நன்றாக வேலை செய்யும். வீட்டில் இருக்கும் பிள்ளை டம்ளரின் அடியில் நாணயத்தைப் போட்டு, விளிம்பு அதை மறைக்கும் வரை தலையைத் தாழ்த்தி, அப்படியே அசையாமல் இருக்கும்போது வீட்டில் யாராவது மெதுவாகத் தண்ணீர் ஊற்றினால், ஒளி விலகி நாணயம் கண்ணுக்குத் தெரியும். அந்தப் பிள்ளை பார்ப்பது எனக்குத் தெரியாது, அவன்தான் எனக்குச் சொல்ல வேண்டும். கூடத்தில் இப்படி அமைவது அபூர்வம்.

அப்புறம் இணைய வகுப்புக்கான கருவிகளின் குறைகள். விளிம்பைத் தேய்த்துக் கண்ணாடிக் கோப்பையைப் பாட வைத்தால், அந்தச் சீரான ஒலியை இரைச்சல் என்று நினைத்து ஜூம் செயலி அமுக்கிவிடும். அமைப்புகளுக்குள் போய் அந்த அமுக்கலை நிறுத்தி வைக்க வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் கைதட்டச் சொன்னால் சிதறிச் சிதறித்தான் கேட்கும். சரி, ஏன் சிதறுகிறது என்று கேட்டால் அதுவே பாடம். சுழலும் மின்விசிறியின் இறக்கை ஃபோன் கேமராவில் வளைந்து தெரிவதும் அப்படித்தான். சென்சார் படத்தை வரிவரியாகப் படிக்கிறது, அதற்குள் இறக்கை நகர்ந்துவிடுகிறது.

பெரிய தொல்லை, வீடியோவை அணைத்துவிட்ட கறுப்புக் கட்டங்கள். கூடத்தில் ஒரு புருவம் உயர்ந்தால் போதும், அடுத்த கேள்வி எனக்குக் கிடைத்துவிடும். இங்கே, "என்ன நடக்கும்னு சாட்டில் எழுதி வைங்க, நான் சொன்ன பிறகு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு, சங்கடமாக இருந்தாலும் பேசாமல் காத்திருக்கிறேன். எல்லாப் பதிலும் ஒன்றாக வந்து விழுவதால் முந்திக்கொள்ளும் பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் எழுத முடியாது. ஆனால் செய்முறையும் சாட்டும் ஒரே ஆளால் ஆகாது. சாட்டைப் படிக்க இன்னொருவர் கட்டாயம் வேண்டும், அதைச் செலவு என்று வெட்டுகிற நிர்வாகிகள் ஒரு வகுப்பையாவது நடத்திப் பார்க்கட்டும்.

நெருப்பு மட்டும் கிடையாது. நான் செய்தால் வீட்டில் அவர்களும் செய்வார்கள், தடுக்கப் பக்கத்தில் நான் இருக்கமாட்டேன்.